கரடிக்குப் பிடித்த குரல்

வேதமாணிக்கத்துக்குத் தன்மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. இருந்த மரியாதையெல்லாம் தன் குரல்மேல்தான். ஐம்பத்தாறு வயது, பாதி வழுக்கை, ஏற்றத்தில் நடந்தால் புலம்புகிற இரண்டு முழங்கால்கள். கண்ணாடியில் பார்க்கும்படியாக ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் மைக்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கேரிமட்டம் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக டைம் கீப்பர். "மேட்டுப்பாளையம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்பதை, ஏதோ நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதைப் போல அறிவிப்பார். அவர் அறிவித்தால் போகவேண்டாத ஊருக்குக்கூடப் போகத் தோன்றும் என்று ஊரில் பேச்சு. அப்படிச் சொன்னது உண்மையில் ஒரே ஒருவர்தான். அவரும் தவறான பஸ்ஸில் ஏறிப்போய்த் திரும்பி வந்து, கோபத்தில் சொன்னது.

குரலுக்காக அவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டதில்லை. சட்டைப்பையில் எப்போதும் கிராம்பும் பனங்கற்கண்டும் இருக்கும். தையல் கடை வைத்திருந்த அவர் மனைவி ஜெசிந்தா மட்டும் அந்தக் குரலில் மயங்கவில்லை. "வீட்டுக்குள்ள எதுக்குங்க அறிவிப்பு? உப்பு வேணும்னா உப்புன்னு சொல்லுங்க" என்பாள்.

கேரிமட்டத்தில் மனிதர்கள் எட்டாயிரம் பேர் இருந்தார்கள். காட்டுமாடுகள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. எதிரெதிரே வந்தால் ஒதுங்குவது மனிதர்கள் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. சோலைக்காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். பிறகு தேயிலையைப் பிடுங்கி விடுதிகள் கட்டினார்கள். விடுதிக்காரர்கள் ஓடைக்கு வேலி போட்டார்கள். காட்டில் கிடைக்காமல் போனதெல்லாம் கடைவீதிக் குப்பைத் தொட்டியில் கிடைத்தது. பேக்கரியில் வர்க்கி ரொட்டி சுடுகிற வாசனைக்குக் கரடி வந்தது, நாய்களுக்காகச் சிறுத்தை வந்தது, குரங்குகள் காரணமே இல்லாமல் வந்தன. ஒரே ஆண்டில் விலங்குகள் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தாட்சாயணி வந்தாள்.

முப்பத்திரண்டு வயது, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், விலங்குகளின் நடமாட்டத்தை ஆராய்கிறவள். அவள் கொண்டுவந்த ஏற்பாட்டின் பெயர் முன்குரல். மரங்களில் கேமராக்கள், பெரிய விலங்குகளின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டைகள், தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கிக் கம்பங்கள். எந்த விலங்கு பத்து நிமிஷத்தில் எங்கே வரும் என்று கணினி கணக்குப் போட்டு, அந்தத் தெருவுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது.

"சைரன் வெச்சாப் போதாதா மேடம்?" என்று கேட்டார் வேதமாணிக்கம். கேட்கும்போதே, போதாது என்று அவள் சொல்லவேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

"வேற ஊர்ல வெச்சுப் பார்த்தோம் சார். காட்டுமாடு மிரண்டு பள்ளிக்கூடம் விடுற நேரத்துல கூட்டத்துக்குள்ள ஓடிடுச்சு. நிதானமான மனுஷக் குரல்னா மிருகம் மிரளாது. ஆனா மனுஷங்க மதிச்சுக் கேக்கணும். இந்த ஊர்ல யார் குரல் எல்லாருக்கும் கேக்கும்னு விசாரிச்சேன். உங்க பேரைத்தான் சொன்னாங்க."

காதைப் பொத்தினாலும் கேட்கும் என்று அவர்கள் சொன்னதை அவள் சொல்லவில்லை. அது அவருக்குப் பிறகு தெரியவந்தது.

மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலை அறையில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, பன்னிரண்டு நாள் பதிவு நடந்தது. அவள் போதும் என்றாலும் அவர் விடவில்லை. "இன்னொரு டேக் போகலாமா?" என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்டார். கடைசி நாளில் அவள் விளக்கினாள்: "இனிமே நீங்க சொல்லாததையும் உங்க குரல்ல அதுவே சேர்த்துச் சொல்லிக்கும் சார்."

"அப்போ நான் போய்ச் சேர்ந்த பிறகும் பேசுமா?"

"பேசும்."

அன்று மாலை இதைப் பெருமையாக வீட்டில் சொன்னார். ஜெசிந்தா தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவும் விடமாட்டீங்களா?"

முன்குரல் நன்றாகவே வேலை செய்தது. "அன்பார்ந்த பொதுமக்களே, தபால் நிலையச் சந்தில் கரடி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. அனைவரும் அமைதியாக வீடுகளுக்குள் செல்லவும். நன்றி." அந்த நன்றியில் அவர் ஒரு சின்னக் குழைவு வைத்திருந்தார். சொல்லி முடிப்பதற்குள் தெரு காலியாகிவிடும். கடைகளின் ஷட்டர்கள் இறங்கும், கதவுகள் சாத்தப்படும், டீ மாஸ்டர் ஆற்றிய டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். முன்குரல் வந்த முதல் வருஷத்தில் ஒருவரும் சாகவில்லை. வேதமாணிக்கம் தெருவில் நடந்தால் எழுந்து நின்று வணங்கியவர்கள்கூட உண்டு. அவரும் தேர்தலில் ஜெயித்தவர்போலக் கையைத் தூக்கிக் காட்டினார். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கையை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் போகும்.

முதலில் புரிந்துகொண்டவை குரங்குகள். அந்தக் குரல் கேட்டால் மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள், பழக்கடை அப்படியே இருக்கிறது. குரங்குகளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கரடிக்கு ஒரு மாதம்.

அது வேதமாணிக்கத்துக்குத் தெரியவந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். பேருந்து நிலையத்தில் வழக்கம்போல நிஜ மைக்கில் நிஜ வாயால், "எட்டு பத்துக்குப் புறப்படும் மேட்டுப்பாளையம் பேருந்து" என்று ஆரம்பித்தார். கட்டணக் கழிப்பறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கரடி இரண்டு குட்டிகளோடு வெளியே வந்தது. கழுத்துப் பட்டையில் ஏழு என்று எண். ஓடவில்லை, உறுமவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட குடும்பம்போல நிதானமாக வந்து, அவருடைய கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்று, அவரையே பார்த்தது. பயணிகள் சிதறி ஓடினார்கள். அவர் பயத்தில், பழக்கதோஷத்தில், "பயணிகள் அமைதி காக்கவும்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். கரடி இன்னும் இரண்டடி முன்னால் வந்தது.

வாய் மூடினால்தான் போகும் என்று தெரிய அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அந்தக் கால் மணி நேரமும் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"அது உங்களைத் தேடி வரலை சார், பயப்படாதீங்க" என்றாள் தாட்சாயணி. "அதுக்கு உங்க குரல் ஒரு மணி மாதிரி. சாப்பாடு ரெடி, ஆள் யாரும் இல்லைங்கிற மணி."

"வேற ஆள் குரலை வெச்சா?"

"அதையும் ஒரு மாசத்துல கத்துக்கும். தப்பு குரல்ல இல்ல. தெருவையும் காலி பண்ணிக் குடுத்து, குப்பைத் தொட்டியையும் திறந்து வெச்சிருக்கோம். தொட்டிக்கெல்லாம் இரும்பு மூடி போடணும்னு முதல் நாள்லேர்ந்து சொல்றேன்."

நகர்மன்றக் கூட்டத்தில் அவள் இதையே சொன்னாள். வேதமாணிக்கமும் அழைக்கப்பட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் நஞ்சுண்டன் கெட்ட மனிதர் அல்ல. கடைவீதிக்காரர்கள் தினமும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். அவர் சொன்னார்: "மூடி போடுறது மெதுவா நடக்கட்டும். இப்போதைக்கு ஒரு யோசனை. கரடி குரலுக்குத்தானே வருது? கடைவீதிக் கம்பத்தை எல்லாம் நிறுத்திட்டு, ஜனங்களுக்குப் போன்ல தகவல் குடுத்துருவோம். ஊருக்கு வெளிய, பத்தாம் நம்பர் லைனுக்குப் பின்னாடி ஒரே ஒரு கம்பம் வெச்சு, அங்க மட்டும் பேச விடுவோம். கரடி அந்தப் பக்கம் போயிரும்."

லைன் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பத்தாம் நம்பர் லைனில் பதினெட்டுக் குடும்பங்கள் இருந்தன.

"அங்க ஆளுங்க இருக்காங்க சார்" என்றாள் தாட்சாயணி.

"அவங்க காட்டுலயே பொழங்குறவங்கம்மா. நம்மள மாதிரி கிடையாது." பிறகு அவர் வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "மைக்கண்ணே, கரடியையே இழுக்குற குரல் இந்த மலையில யாருக்கு இருக்கு? நீங்க என்ன சொல்றீங்க?"

வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த மனிதரிடம், ஒரு வார்த்தை தேவைப்பட்ட ஒரே ஒரு நேரம் அது. தாட்சாயணி அவரைப் பார்த்தாள். அவருக்குத் தொண்டைவரை ஏதோ வந்தது. ஆனால் 'கரடியையே இழுக்குற குரல்' என்பது இன்னும் காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. 

"புதுசா ஒரு பதிவு வேணுமா தலைவரே? இன்னும் கொஞ்சம் கனிவாப் பண்ணலாம்" என்றார்.

கம்பம் நட்டார்கள். கடைவீதி நிம்மதியாயிற்று. நகர்மன்ற அலுவலகப் பலகையில் அதைப் பற்றி ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். லைனிலிருந்து அதைப் படிக்க யாரும் மூன்று கிலோமீட்டர் மேலே ஏறி வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், மாலை ஐந்து மணிக்கு, லேசான மூடுபனியில் அந்தக் கம்பம் பேசியது. பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவை முடிந்து பெண்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். தங்கேஸ்வரி என்ற நாற்பத்தைந்து வயதுப் பெண், லைனின் கடைசி வீட்டுக்காரி, கதவைத் திறக்கப் போனபோது பக்கத்துக் குப்பைக்குழியிலிருந்து கரடி எழுந்தது. குட்டிகளுக்கும் அதற்கும் நடுவில் அவள் நின்றிருந்தாள். தோளும் கழுத்தும் கிழிந்து, இடது காது பாதி போயிற்று. மற்ற பெண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்ததால் உயிர் பிழைத்தாள்.

வேதமாணிக்கம் மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதுகூட மனசுக்குள் ஓடியது. அதைக் கவனித்தபோது படியிலேயே ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். இதிலுமா?

கட்டுப்போட்ட தலையோடு படுத்திருந்த தங்கேஸ்வரியிடம், "வணக்கம்மா, நான் வேதமாணிக்கம்" என்றார். அவள் உடம்பு தூக்கிப்போட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசுங்க ஐயா" என்றாள். "சத்தம் கேட்டா படபடன்னு வருது."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்த ஒரு வரியும் வரவில்லை. கடைசியில், அவருக்கே கேட்காத குரலில் கேட்டார். "மத்தவங்க எல்லாம் எங்க இருந்தாங்கம்மா அப்போ?"

"நிறுவைக் கொட்டாயிலதான். கம்பம் பேசுனதும் இவளுங்க எல்லாம் அங்கயே நின்னுகிட்டாளுங்க. பேசுறது பேசட்டும், கும்பலா நிப்போம்னு. நான் மட்டும்தான் கிளம்புனேன்."

"நீங்க ஏன்...?"

அவள் அவரைக் கோபமில்லாமல் பார்த்தாள். "நீங்கதான வீட்டுக்குள்ள போகச் சொன்னீங்க. எவ்வளவு மரியாதையாச் சொன்னீங்க. நன்றியெல்லாம் சொன்னீங்களே."

ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைத்தார், எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். ஜெசிந்தா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். தொண்டைக்கு என்று நினைத்து அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "குடிக்க இல்லைங்க. முகம் கழுவுங்க" என்றாள்.

மறுநாளே லைன் கம்பமும் நிறுத்தப்பட்டது. கடைவீதிக்கும் லைனுக்கும் இரும்பு மூடிகள் ஒரே வாரத்தில் வந்து இறங்கின. அவ்வளவு சீக்கிரம் வரக்கூடியவை என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஏழாம் எண் கரடி லைனை விட்டுப் போகவில்லை. குரல் வந்த இடத்தில் மறுபடி குரல் வருமென்று கம்பத்தடியிலேயே சுற்றியது. கூண்டு வைக்க வேண்டும் என்று ஊர் கேட்டது. வன அதிகாரி ஒன்றரை மாதம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் கரடி ஊர்ப்பக்கம் வருவதை நிறுத்தாவிட்டால் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

"கூண்டுல அம்மா மட்டும்தான் மாட்டும்" என்றாள் தாட்சாயணி. "குட்டிங்க சிதறி ஓடிடும். தனியாப் பிழைக்காது."

"வேற வழி?"

"மறக்கவைக்கணும். குரல் கேக்குது, பின்னாடியே போகுது, அங்க ஒண்ணுமே இல்ல. இதே மாதிரி திரும்பத் திரும்ப நடந்தா ஒரு கட்டத்துல விட்டுடும். ஆனா அது இங்க நடக்கக் கூடாது. குரல் முன்னாடி நடந்து போய், வெள்ளைப்பாறைச் சோலைவரைக்கும் கூட்டிட்டுப் போகணும். ஒத்தையடிப் பாதை, ஜீப் போகாது. நான் ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போறேன்னு அதிகாரிகிட்ட சொல்லியிருக்கேன்."

"குரலே இருக்கும்போது ஸ்பீக்கர் எதுக்கும்மா?" என்றார் வேதமாணிக்கம். பிராயச்சித்தம் பாதி, அந்த ஸ்பீக்கர்மேல் பொறாமை பாதி என்று அவருக்கே தெரிந்துதான் இருந்தது.

தாட்சாயணி ஒரு நிபந்தனை போட்டாள். அந்த நாட்களில் ஊருக்குள் அவர் வாய் திறக்கக் கூடாது. அங்கே அவர் குரல் கேட்டால் கரடிக்கு மறுபடி குழம்பிவிடும். அவர் சிலேட்டு வாங்கிக்கொண்டார். பேருந்து நிலையத்தில் அவருக்குப் பதில் ஒரு பலகை வைத்தார்கள். அவருடைய இருபத்தாறு வருஷ உழைப்புக்கு மாற்றாக ஒரு பலகை போதுமாயிருந்தது. ஒரு பஸ்ஸும் காலியாகப் போகவில்லை.

முதல் நாள் காலை ஏழு மணி. லைனுக்குப் பின்னால் வேதமாணிக்கம் நின்றார். பக்கத்தில் தாட்சாயணி, பட்டை காட்டும் தூரத்தைக் கையடக்கத் திரையில் பார்த்துக்கொண்டு. பின்னால் வனக்காவலர் போஜன், பட்டாசும் நீளத் தடியுமாக. லைன் பெண்கள் கும்பலாகத் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தியும் வீட்டுக்குள் போகவில்லை.

"அன்பார்ந்த..." என்று ஆரம்பித்தார். குரல் பிளந்தது. 

"நூத்தம்பது அடி. வருது. நடங்க சார்."

நடந்தார். பஸ் நேரங்களைச் சொன்னார். மேட்டுப்பாளையம் எட்டு பத்து, குன்னூர் எட்டு இருபத்தைந்து, கோவை ஒன்பது. பின்னால் தேயிலைச் செடிகள் சலசலத்தன. நிறுத்தங்களின் பெயர்களைச் சொன்னார். ஆலய விழா அறிவிப்பு, கால்பந்துப் போட்டி அறிவிப்பு, காணாமல்போன சாவிக்கொத்து அறிவிப்பு என்று வாழ்க்கையில் அறிவித்ததையெல்லாம் அறிவித்தார். ஒன்றரைக் கிலோமீட்டரில் சரக்கு தீர்ந்துவிட்டது. மனுஷன் பேச்சு இவ்வளவுதானா என்று அவருக்கே ஆச்சரியம். வாயை மூடினார்.

"சார், நிக்குது" என்றாள் தாட்சாயணி மெல்ல. "திரும்பிப் பார்க்குது. லைன் பக்கம் திரும்பிடும்போல இருக்கு. ஏதாவது பேசுங்க!"

"என்ன பேசுறது?"

"எதுவேணா!"

பனி விலகிய இடத்தில் அது தெரிந்தது. கறுத்த பெரிய உடம்பு, மார்பில் வெள்ளை வளைவு, முதுகில் ஒரு குட்டி, காலடியில் ஒரு குட்டி. தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தது. அவரை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார். அறிவிப்புக் குரலில் வரவில்லை, சும்மா வந்தது. "அங்க பதினெட்டுக் குடும்பம் இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்தம்மா பேர் தெரியாது, ஆனா ஆளுங்க இருக்காங்கன்னு தெரியும். தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டாரு. வேண்டாம்னு சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்குப் புகழ்ச்சி இனிச்சுது. கனிவாப் பண்ணலாம்னு சொன்னேன். அந்தக் கனிவை நம்பித்தான் அந்தம்மா வீட்டுக்குப் போச்சு." மூச்சு வாங்கியது. ஏற்றம். "உன்னையும்தான் ஏமாத்துனோம். நீ பாட்டுக்குப் பழம் தின்னுகிட்டு இருந்தே. நாங்க பழத்தையும் எடுத்துட்டு, தொட்டியைத் திறந்து வெச்சு, மணியும் அடிச்சோம். இப்ப வந்ததுக்காக உன்னைப் பிடிக்கப் போறோம்."

செடிகள் மறுபடி சலசலத்தன. தாட்சாயணி திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். போஜன் பின்னாலிருந்து சொன்னார்: "வருதுங்க அண்ணே. விடாமப் பேசுங்க."

சோலை ஓரத்தில் பேச்சை நிறுத்தினார். கரடி அரை மணி நேரம் காத்திருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு, எரிச்சலோடு என்றுதான் அவருக்குத் தோன்றியது, ஒரு கறையான் புற்றைப் பிளந்து தின்ன ஆரம்பித்தது. குட்டிகள் தவிட்டுப்பழப் புதரில் ஏறின.

தினமும் போனார். இரண்டாம் வாரத்திலிருந்து லைன்வரை போகவேண்டியிருக்கவில்லை. கரடி சோலை ஓரத்திலேயே இருந்தது. அங்கே நின்று பேசினால் வந்து பார்த்துவிட்டுப் போகும். நூறு அடியில் வந்தது, பிறகு இருநூறு, பிறகு மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பார்வை. ஊரில் அவர் சிலேட்டோடு அலைந்தார். வீட்டில் ஜெசிந்தா பேசினாள். கடைக்கு வரும் பெண்களைப் பற்றி, அவளுடைய தங்கையைப் பற்றி, ஒருகாலத்தில் அவள் நர்ஸாக ஆசைப்பட்டதைப் பற்றி. இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று எழுதிக் காட்டினார். "இடைவெளி எங்கங்க விட்டீங்க?" என்றாள்.

நாற்பத்தோராம் நாள் காலை சோலை ஓரத்தில் நின்று பேசினார். யாரும் வரவில்லை. தாட்சாயணி திரையைக் காட்டினாள். ஏழாம் எண் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், குட்டிகளோடு ஓடைக்கரையில் இருந்தது.

"கேக்குற தூரம்தான் சார். கேட்டிருக்கும். ஆனா கண்டுக்கலை." அவள் முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சிருச்சு!"

"ஒருவேளை காத்து அந்தப் பக்கம் அடிக்கலையோ என்னவோ" என்றார் வேதமாணிக்கம். முழு அறிவிப்பையும் இன்னொரு முறை, நன்றிவரைக்கும், தன்னுடைய மிகச் சிறந்த குரலில் சொன்னார். திரையில் புள்ளி அசையவே இல்லை. சந்தோஷப்படவேண்டிய நேரம் என்று தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கூடவே, கடைசி ரசிகையும் எழுந்து போய்விட்ட வருத்தம் முள்ளாக ஒன்று குத்தியதையும் அவர் மறைக்கவில்லை. போஜனிடம் சொல்லிச் சிரித்தார். போஜன் சிரிக்காமல் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று நண்பகல் கடைவீதிக்கு வந்தபோது, சிலேட்டு வேண்டியதில்லை என்பதே ஒரு போதையாக இருந்தது. வெயில் நன்றாக அடித்தது. தெரு நிறைய ஆட்கள். தூரத்தில் ஜெசிந்தா கூடையோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு, வாய் நிறைய, அடிவயிற்றிலிருந்து அழைத்தார்.

"ஜெசிந்தா!"

முதலில் பேக்கரியின் ஷட்டர் இறங்கியது. அடுத்து மருந்துக்கடை. காய்கறிக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு மறைந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியை ஏற்றினார். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. யாரும் யோசிக்கவில்லை, யாரும் கரடி எங்கே என்று பார்க்கவும் இல்லை. அரை நிமிஷத்தில் தெரு முழுக்க அவருடையதாகிவிட்டது. நடுவில் கூடையோடு ஜெசிந்தா மட்டும் நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க! கரடி இல்ல! சும்மாதான் கூப்பிட்டேன்!" என்று கத்தினார். பாதி திறந்திருந்த ஒரு கதவும் சாத்திக்கொண்டது.

எதிரே இருந்த பேருந்து நிலையப் பெஞ்சில் ஒரே ஒருத்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். காதுக்கட்டைப் பிரிக்க மருத்துவமனைக்கு வந்து, திரும்பிப்போக பஸ்ஸுக்காகக் காத்திருந்த தங்கேஸ்வரி. அவர் அருகே போய், தயங்கி நின்றார். 

சாத்திக் கிடந்த கதவுகளை அவள் தெருக் கடைசிவரை ஒரு முறை பார்த்தாள். 

"கரடிக்கு மறக்க எத்தனை நாளாச்சுங்க ஐயா?"

"நாப்பத்தோரு நாள்மா" என்றார், மெதுவாக.

தங்கேஸ்வரி பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டாள்.

"அப்போ இவங்களுக்கு இன்னும் நாளாகும். உக்காருங்க" என்றாள்.